புரோக்கர் நடந்தார், மஞ்சுளா பார்த்தாள்

போன மாதம் எங்கள் பழைய கிளையில் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். ரிட்டயர் ஆனவளைக் கூப்பிட்டால் சுகர், பிரஷர் தவிர வேறு என்ன பேசப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே போனேன். டீ வந்தது, வடை வந்தது, கடைசியில் கேள்வியும் வந்தது. வேலைக்கு வந்து எட்டே மாதம் ஆன ஒரு பெண் எழுந்து நின்றாள். "மேடம், வீட்டு லோனுக்கு வர்றவங்க எங்களையே கேக்கறாங்க. புரோக்கர் வெச்சுக்கறதா, இல்ல நாங்களே நாலு பேங்க் ஏறி இறங்கறதான்னு. நாங்க என்னன்னு சொல்றது?"

நியாயமான கேள்விதான். ஓசூரில் இப்போது தெருவுக்கு நாலு லோன் ஏஜென்ட் போர்டு தொங்குகிறது. போதாததற்குச் செல்போனைத் திறந்தால் அதுவே கடன் தருகிறேன் என்கிறது. முப்பத்தோரு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவள் நான். அதில் பாதிக்கு மேல் ஓசூரில், வீட்டுக்கடன் சீட்டில். இந்தக் கேள்விக்கு எத்தனை பேருக்கோ பதில் சொல்லியிருக்கிறேன், பாதிப் பேருக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அதனால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. மஞ்சுளாவைப் பற்றிச் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ராமநாதன் சாரைச் சொல்லியாக வேண்டும். சேலத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, பரீட்சை எழுதி ஆபீசராகி, தருமபுரியில் நகைக்கடன், கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக் கடன் என்று சுற்றிவிட்டு நான் ஓசூர் வந்தபோது, எனக்கு வீட்டுக்கடன் வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவர் ஃபைலை உட்கார்ந்து படிக்கவே மாட்டார். இரும்பு அலமாரி மேல் ஃபைலை வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கிப் புரட்டுவார். எல்லாம் சரி என்றால் நின்றபடியே கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார். எங்கேயாவது இடறினால் சத்தம் போட மாட்டார், திட்ட மாட்டார். மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அவ்வளவுதான், ஃபைல் செத்தது என்று அர்த்தம். "சார் உக்காந்துட்டாரு" என்று கேஷ் கவுன்டர் வரைக்கும் கிசுகிசு போய்விடும்.

சொத்துப் பத்திரம் எது வந்தாலும் அவர் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இந்த ஊரு முன்னாடி எந்த ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருந்துச்சு?" எங்கள் பக்கத்தில் இது பெரிய விஷயம். ஊர் வளர வளர, ஒரு பத்திரப்பதிவு ஆபீசில் இருந்த கிராமத்தைப் பிரித்து இன்னொன்றில் சேர்ப்பார்கள். வில்லங்கச் சான்று வாங்கினால், அந்த ஆபீசில் என்ன பதிவானதோ அதை மட்டும்தான் அது சொல்லும். கிராமம் அங்கே வந்து சேருவதற்கு முன்னால் வேறு ஆபீசில் யாருக்கு எழுதிக்கொடுத்தார்கள் என்பது அதற்குத் தெரியவே தெரியாது. முதல் வருஷம் முழுக்க ஒவ்வொரு ஃபைலுக்கும் சார் கேட்டார், நானும் விசாரித்துச் சொன்னேன். அப்புறம் நானே கேட்டுவிடுகிறேன் என்று தெரிந்ததும் அவர் கேட்பதை விட்டார். அவர் மாற்றலாகிப் போனதும் நானும் விட்டுவிட்டேன். இதை எழுதும்போதுகூட எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

நான் கேட்காமல் விட்டதற்கு இன்னொரு காரணம் சீனிவாசன். எல்லாருக்கும் சீனி. லோன் புரோக்கர். நீங்கள் நினைக்கிற மாதிரி ஆள் இல்லை, நல்ல மனுஷன். பொய் சொல்ல மாட்டார், பார்ட்டி போன் பண்ணினால் எடுப்பார். அவர் கொண்டுவரும் ஃபைலைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். சம்பளக் காகிதத்துக்கு ரோஸ் கலர் ஒட்டு, சொத்துக் காகிதத்துக்குப் பச்சை, ஆதார் வகையறாவுக்கு மஞ்சள். நேராக வருகிற ஜனங்களோ மளிகைக்கடைப் பையில் ரேஷன் கார்டையும் கரன்ட் பில்லையும் கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்துக் கொண்டுவந்து மேஜையில் கொட்டுவார்கள். வெளியே எல்லாரிடமும் "புரோக்கர் எதுக்கு, நேரா வாங்க" என்று உபதேசம் செய்தேன். உள்ளே சீனியின் ஃபைலைத்தான் முதலில் எடுத்தேன். அந்தப் பச்சை ஒட்டைப் பார்த்தாலே போதும், பாதிப் பரிசோதனை முடிந்த மாதிரி எனக்கு ஒரு நிம்மதி வந்துவிடும்.

இந்த நிலையில்தான் மஞ்சுளா வந்தாள். ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லைனில் வருகிற பீசை அளந்து ஓகே, என்ஜி என்று பிரிக்கிற வேலை. என்ஜி என்றால் தேறாதது. அப்பாவும் அம்மாவும் கெலமங்கலம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். புருஷன் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். இரண்டு பிள்ளைகள். ஒன்பது வருஷத்தில் ஆறு வாடகை வீடு மாறியிருக்கிறாள். ஒரு வீட்டுக்காரர், பிள்ளைகள் படி ஏறும் சத்தம் பிடிக்கவில்லை என்று காலி செய்யச் சொன்னாராம். கெலமங்கலம் ரோட்டுப் பக்கம் வீடு கட்ட ஒரு சைட் பார்த்து, கழுத்துச் சங்கிலியை விற்று, பி.எஃப். பணத்தையும் எடுத்து டோக்கன் அட்வான்ஸ் கொடுத்திருந்தாள். மூன்று மாதத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் டோக்கனும் போச்சு, சைட்டும் போச்சு. அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது அவ்வளவுதான்.

என் முன்னால் உட்கார்ந்ததும் நாலாக மடித்த ஒரு பெரிய தாளை விரித்தாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்ட தாள். "என்னம்மா, லோன் வேணுமா?" என்றேன். "வேணுங்க மேடம். அதுக்கு முன்னாடி உங்க பேங்க் கட்டம் மட்டும் காலியா இருக்கு, அதை நிரப்பிக்கிறேன்" என்றாள்.

லைனில் அவள் தினமும் எழுதுகிற செக்‌ஷீட் மாதிரியே போட்டிருந்தாள். மேலே ஐந்து கடன் நிறுவனங்கள், ஆறாவதாக "புரோக்கர் சீனி". பக்கவாட்டில் கேள்விகள். வட்டி எவ்வளவு என்பது அதில் ஒரே ஒரு வரி. மீதியை ஒவ்வொன்றாகப் படித்தேன். வட்டி ஏறினால் நீங்கள் சொல்வீர்களா, நாங்களாகத் தெரிந்துகொள்ள வேண்டுமா? பத்திரம் ஓசூரிலேயே இருக்குமா, வேறு ஊருக்குப் போய்விடுமா? கடன் தீர்ந்தால் எத்தனை நாளில் கைக்கு வரும்? கம்பெனியில் வேலை குறைந்து சம்பளம் பாதியானால் இரண்டு மாதம் பொறுப்பீர்களா? கடன் கொடுத்த ஆபீசர் மாறிப்போனால் யாரைக் கேட்பது?

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. கம்பெனி பஸ்ஸில் கூட வருகிற பெண்கள். யார் யார் எங்கெங்கே கடன் வாங்கினார்களோ, அவர்கள் பக்கத்தில் தினம் ஒருத்தியாக உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறாள். "செல்வி – பத்திரத்துக்கு நாலு மாசம் அலைஞ்சது – என்ஜி" என்று சிவப்பு மையில் ஒரு கட்டம். சீனியின் கட்டத்தில், "உங்களுக்கு யார் காசு தர்றாங்க?" என்ற கேள்விக்கு நேராக, "பேங்க்கும் தருது, நானும் தரணும். மறைக்கல – ஓகே" என்று இருந்தது. இத்தனை வருஷம் கடன் கொடுத்த எனக்கு, கடன் வாங்குகிறவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது அந்த ஒற்றைத் தாளைப் பார்த்துத்தான் புரிந்தது.

எங்கள் வங்கிதான் வேண்டும் என்று முடிவு செய்தாள். "அப்ப நேரா எங்கிட்டயே குடுத்துடு, புரோக்கருக்கு எதுக்கு தண்டம்" என்றேன் வழக்கம்போல. அவள் அதற்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். காகிதத்துக்கு அலைந்தால் குறைந்தது எட்டு நாள் லீவு, எட்டு நாள் சம்பளமும் போய், வருகைக்குத் தரும் போனசும் போகும். அதைவிட சீனிக்குக் கொடுப்பது குறைவு. ஆனால் அவரிடம் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாளாம்: எந்தக் காகிதம் வாங்கினாலும் அன்றைக்கே அவளுக்கு ஒரு ஜெராக்ஸ் வந்துவிட வேண்டும். "நடக்கறதுக்கு அவரு, பாக்கறதுக்கு நானுங்க" என்றாள். பழக்கமில்லாத காகிதத்தைப் பார்த்து இவள் என்ன கண்டுபிடிக்கப்போகிறாள் என்று மனசுக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஃபைல் வந்தது. மார்ச் மாதம், டார்கெட் நெருக்குகிற நேரம். பச்சை ஒட்டு, ரோஸ் ஒட்டு, எல்லாம் கச்சிதம். முப்பது வருஷ வில்லங்கச் சான்றில் பிரச்சினை எதுவும் இல்லை. வக்கீல் சரி என்று எழுதிவிட்டார், மதிப்பீட்டு இன்ஜினியரும் எழுதிவிட்டார். கடன் பாஸ் ஆகி, வியாழக்கிழமை பதிவு என்று நாளும் குறித்தாகிவிட்டது. டோக்கன் கெடு முடிய இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் மஞ்சுளா வந்தாள். நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையோடு பஸ்ஸிலிருந்து நேராக இறங்கி வந்திருந்தாள். வில்லங்கச் சான்றின் ஜெராக்ஸை என் முன்னால் வைத்து, முதல் பதினாலு வருஷத்துக்கு ஒரு பதிவுகூட இல்லையே, ஏன் என்று கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம், நல்லதுதானே என்றேன். வக்கீலே பார்த்தாச்சு, நீ போய்த் தூங்கு என்றும் சொன்னேன். குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்திருக்கும்.

அவள் எழுந்திருக்கவில்லை. "எங்க லைன்ல ரீடிங் எல்லாமே சைபர்னு வந்தா, பீசு நல்லா இருக்குன்னு நாங்க எடுத்துக்க மாட்டோங்க மேடம். அளக்கற கேஜைத்தான் சந்தேகப்படுவோம்" என்றாள். அப்புறம் மூலப்பத்திரத்தின் ஜெராக்ஸை எடுத்து, மங்கிப்போன முத்திரையில் விரலை வைத்தாள். அதில் இருந்தது வேறொரு பதிவு ஆபீசின் பெயர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த முத்திரையை நான் பார்த்திருக்கிறேன். வக்கீலும் பார்த்திருப்பார், சீனியும் பார்த்திருப்பார். சான்றையும் முத்திரையையும் சேர்த்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். ராமநாதன் சார் ஒரு வருஷம் மண்டையில் ஏற்றிய கேள்வியை, சார் யாரென்றே தெரியாத ஒரு பெண் கேஜை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

சீனிக்குப் போன் போட்டேன். எந்த வாதமும் பண்ணாமல் அன்றைக்கே பழைய ஆபீசுக்குப் போய் மனுப் போட்டார். புதன்கிழமை சான்று வந்தது. அதில் ஒரே ஒரு பதிவு. நிலம் விற்கிறவருடைய தாத்தா, கிழக்குப் பக்கத்துப் பாதி நிலத்தைத் தன் மகளுக்குத் தான செட்டில்மென்ட்டாக எழுதிப் பதிவு செய்திருந்தார். அதாவது விற்கிறவரின் அத்தைக்கு. மஞ்சுளாவின் சைட் அந்தக் கிழக்குப் பாதியில் இருந்தது.

அப்போது ராமநாதன் சார் சீஃப் மேனேஜராக ஓசூருக்கே திரும்பி வந்திருந்தார். ஃபைலை அலமாரி மேல் வைத்தேன். கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டே வந்தார். புதுச் சான்றுக்கு வந்ததும் நாற்காலியை இழுத்தார், உட்கார்ந்தார். "இதே லேஅவுட்ல நாம வேற யாருக்காவது குடுத்திருக்கோமா?" என்று மட்டும் கேட்டார். கொடுத்திருந்தோம். இரண்டு பேருக்கு. இரண்டுமே சீனி கொண்டுவந்து நான் பாஸ் பண்ணியவை, இரண்டும் கிழக்குப் பாதி. ஒரு வீட்டில் பால் காய்ச்சியாகிவிட்டது, இன்னொன்றில் தளம் போட்டாகிவிட்டது. சார் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

விற்கிறவர் குதித்தார். அத்தை எந்தக் காலத்திலோ கல்யாணமாகி கர்நாடகத்தில் ஆனேக்கல் பக்கம் போய்விட்டாள், அவளுக்கு இதெல்லாம் ஞாபகமே இருக்காது, பதிவு பண்ணுவதானால் பண்ணுங்கள், இல்லாவிட்டால் பெங்களூர் பார்ட்டி ரெடியாக இருக்கிறது என்றார். மஞ்சுளாவின் முகத்தை அப்போது பார்த்தேன். சங்கிலி இல்லாத கழுத்தைக் கை தடவிக்கொண்டே இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் வியாழக்கிழமை சைட் அவள் பெயருக்கு வந்திருக்கும். தன் கடனைத் தானே நிறுத்திய பார்ட்டியை என் சர்வீசில் அவளுக்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

அவள் வார லீவு அன்று சீனியின் பைக்கில் ஆனேக்கலுக்குப் போனாள். அடுத்து நடந்ததை சீனிதான் என்னிடம் சொன்னார். வழியில் அவர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: அந்த அம்மாவிடம் சும்மா ஃபார்மாலிட்டி கையெழுத்து என்று சொல்லுவோம், கையில் கொஞ்சம் கொடுத்துவிடுவோம், முடிந்துவிடும். மஞ்சுளா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாளாம். நீங்கள் இங்கேயே நில்லுங்கள், நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாளாம். சீனி மன்னிப்புக் கேட்டு மறுபடி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

அந்த அம்மா ராகி காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். மஞ்சுளா கன்னடத்தில் பேசினாள். விவரத்தையெல்லாம் சொல்லி, கடைசியில் கேட்டது இதுதான்: "உங்க நிலத்துல எனக்கு ஒரு சைட் வேணும்மா. நீங்க குடுக்கறதா இருந்தா வாங்கிக்கிறேன்."

அந்த அம்மா உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தார். அப்பா எழுதிக்கொடுத்த அசல் பத்திரம் அதில் பத்திரமாக இருந்தது. எதையும் அவர் மறக்கவில்லை. அண்ணன் பிள்ளையோடு சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். "இது என் நிலம்னு சொல்லி இந்த வாசல்ல வந்து நின்ன முதல் ஆள் நீதான்" என்றாராம். இதைச் சொல்லும்போது சீனிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். இருபது வருஷமாக எத்தனையோ பேர் அந்த நிலத்தை அளந்திருக்கிறார்கள், கல் நட்டிருக்கிறார்கள், படித்த நாங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். உரிமைக்காரியைத் தேடிப்போய் விலை கேட்டது, வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் இருந்தவள்.

அதற்கப்புறம் விற்கிறவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. விஷயம் வெளியே தெரிந்ததும் பெங்களூர் பார்ட்டி போனையே எடுக்கவில்லை. கடைசியில் விற்கிறவர், விலையில் அத்தைக்கு உண்டான பங்கைக் கொடுக்க ஒத்துக்கொண்டார். டோக்கன் கெடு தாண்டி மூன்று வாரம் கழித்து, பதிவு ஆபீசில் அந்த அம்மா முதல் கையெழுத்துப் போட்டார், அவருக்குக் கீழே அண்ணன் மகன். அன்றைக்கே அந்த அம்மா என் பழைய இரண்டு ஃபைல்காரர்களுக்கும் சேர்த்துச் சம்மதப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். அதற்குப் பணம் எதுவும் கேட்கவில்லை. குடிவந்த வீட்டைப் பிடுங்கி நான் என்ன செய்யப்போகிறேன் என்றார். அந்த இரண்டு குடும்பத்தையும் கூட்டிவைத்து ராமநாதன் சாரே எல்லாவற்றையும் சொன்னார். தப்பு வங்கியுடையது, காப்பாற்றியது இந்தப் பெண் என்று என் எதிரிலேயே சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது வடையெல்லாம் ஆறிப்போயிருந்தது. கேள்வி கேட்ட பெண், "அப்ப புரோக்கர் வேணுமா வேண்டாமா மேடம்?" என்றாள். விடமாட்டாள் போலிருக்கிறது. காகிதத்துக்கு யார் அலைந்தாலும் ஒன்றுதான் அம்மா, நீ அலை, புரோக்கரை அலையவிடு, அதெல்லாம் உன் லீவைப் பொறுத்தது, பார்க்கிற வேலையை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதே என்று சொல்லச் சொன்னேன். பெரிய மேதை மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு அடுத்த வாரமே என் வண்டவாளம் தெரிந்துவிட்டது.

என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். பார்டர் தாண்டி ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறான். செல்போன் ஆப்பிலேயே கடனும் பாஸ் ஆகிவிட்டதாம். "அம்மா, நீ ஒரு தடவை பாத்துடு" என்று காகிதங்களைக் கொடுத்தான். இரண்டு நாள் பார்த்தேன். எல்லாம் கச்சிதமாக இருந்தது. அந்தக் கச்சிதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு கெலமங்கலம் பஸ் ஏறினேன்.

மஞ்சுளா அந்தச் சைட்டில் வீடு கட்டியிருக்கிறாள். வெளிர்பச்சை பெயின்ட், வாசலில் பிள்ளைகளின் சைக்கிள். இப்போது அவள் லைன் லீடர். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் பையை இறக்கி வைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கினாள். வாசல்படியில் நின்றபடியே ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். ராமநாதன் சார் ஃபைல் படிக்கிற விதத்தைப் பற்றி நான் அவளிடம் எதுவும் சொன்னதில்லை.

பத்துப் பக்கம் போனது. பதினோராவது பக்கத்தில் விரல் நின்றது. முந்தின பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி இதைப் பார்த்தாள். வெளியே கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. "நீங்க போங்கண்ணா, நான் பின்னாடி வர்றேன்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.